பின் நம்பர் மறந்து பூட்டிக்கொண்ட போன்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023-ல் டர்பனில் அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்தது. முறை வைத்துக் கரண்டை நிறுத்துவதை இங்கே லோட் ஷெடிங் என்பார்கள், அதில் ஆறாம் கட்டம் என்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை. அப்படி ஒரு சாயங்காலம், சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஆயா (பாட்டி), போனைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன போன். கரண்ட் வந்ததும் சார்ஜில் போட்டு ஆன் செய்திருக்கிறார். "எப்பவும் விரல் வெச்சா திறக்கும் தம்பி. இப்ப நம்பர் கேக்குது. எனக்கு எந்த நம்பர் தெரியும்?" என்றார்.

போன் வாங்கிய அன்று பேரன் வைத்துக்கொடுத்த பின் நம்பர் அது, அதாவது திரைப் பூட்டைத் திறக்கும் ரகசிய எண். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக விரல் மட்டும்தான். போன் முழுதாக அணைந்து மறுபடி எழுந்தால், முதல் தடவை விரலோ முகமோ செல்லாது, பின் அல்லது பாஸ்வேர்டுதான் வேண்டும் என்பது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரே விதி. அதனால் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. அன்றிலிருந்து இன்றுவரை கோயில் ஹாலிலும், வேலை இடத்திலும், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமிருந்து வந்த நண்பர்களுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே புதிதாக வந்து இறங்கியவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு, அது சிம் கார்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போனைத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் முடியும். போனுக்குள் இருப்பதை அழிக்காமல் பூட்டைத் திறப்பது இன்றைய போன்களில் அநேகமாக முடியாது. உள்ளே இருக்கும் தகவல் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் சாவி உங்கள் பின்னோடு பிணைந்திருக்கிறது. பின் இல்லாவிட்டால் கூகுளாலும் ஆப்பிளாலும்கூட உள்ளே பார்க்க முடியாது. அதனால் கீழே சொல்லும் வேலைகளில் வரிசை ரொம்ப முக்கியம். அழிக்கும் பட்டனுக்கு விரல் போவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கைரேகை இன்னும் வேலை செய்கிறதா?

பின் மறந்துவிட்டது, ஆனால் விரல் வைத்தால் இன்னும் திறக்கிறது என்றால் உங்களுக்கு நல்ல நேரம். எதைச் செய்தாலும் போனை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் இறங்கவிடாதீர்கள். பவர் பேங்க் இருந்தால் இப்போதே செருகிவிடுங்கள். இதற்கும் கெடு உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் 72 மணி நேரத்துக்கு ஒரு முறை பின்னைக் கேட்டே தீரும். ஐபோனும் 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் கேட்கும், சில நாள் பாஸ்கோடே போடாமல் இருந்தாலும் கேட்கும். எனவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் செட்டிங்ஸில் எந்த கூகுள் கணக்கு அல்லது ஆப்பிள் கணக்கு இருக்கிறது என்று பார்த்து, அந்த மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் படங்களை கூகுள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ ஏற்றுங்கள். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, ஐகிளவுடில் 5 ஜிபிதான். இடம் போதவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஐபோனை ஒரு கம்ப்யூட்டரில் புதிதாகச் செருகினால் பாஸ்கோடைக் கேட்கும். டேட்டா விலை உங்களுக்கே தெரியும், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், இப்போதே பேக்கப் என்பதை அழுத்துங்கள். தொடர்பு எண்கள் போனில் மட்டும் சேமித்திருக்கின்றனவா, கூகுள் கணக்கிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் மட்டும் இருந்தால் கணக்குக்கு மாற்றுங்கள்.

விரல் திறந்துவிட்டதே, உள்ளே போய்ப் பின்னை மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மாற்றுவதற்குப் பழைய பின்னைக் கேட்கும், அந்த வழி மூடித்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டால், அப்புறம் போனை அழித்தாலும் பெரிதாக எதுவும் போகாது.

கேட்பது எந்தப் பூட்டு?

போன் ஆன் ஆனதும் வரும் திரையை நிதானமாகப் படியுங்கள். சிம் பின் கேட்கிறதா, திரைப் பூட்டின் பின் கேட்கிறதா? இரண்டும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, திரைப் பூட்டின் எண்ணை சிம் பின்னுக்குப் போட்டுப் பார்த்து சிம்மையும் பூட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிம் பின்னை 3 முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அந்த சிம் பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். சிம் வாங்கியபோது அது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் இந்த எண் அச்சிட்டிருக்கும். அட்டை இல்லை என்றால் வோடாகாம், எம்டிஎன், செல் சி, டெல்காம் என உங்கள் நிறுவனம் எதுவோ அதன் கடையிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டால், அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். பியூகே எண்ணை 10 முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், அதே நம்பருக்குப் புது சிம்தான் வாங்க வேண்டும். அதை இங்கே சிம் ஸ்வாப் என்கிறார்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் 2009 ஜூலை முதல் ஒவ்வொரு சிம்மையும் வாங்குபவர் பெயரில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் பெயரை வைத்தே 'ரீக்கா செய்வது' என்று இங்கே பேச்சு வழக்கு. பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். வந்து இறங்கிய புதிதில் நம்மிடம் முகவரிச் சான்று ஏது? தெருவோரத்தில் யாரோ பெயரில் ஏற்கெனவே ரீக்கா செய்த சிம் கிடைக்கும், அல்லது வேலை கொடுத்தவர் தன் பெயரில் ஒன்று எடுத்துத் தருவார். அதிலேயே வருஷங்கள் ஓடிவிடும். வங்கி, வாட்ஸ்ஆப், கூகுள் எல்லாம் அந்த நம்பரோடு பிணைந்த பிறகு ஒரு நாள் சிம் ஸ்வாப் கேட்டுக் கவுண்டரில் நின்றால், "இது உங்கள் பெயரில் இல்லையே" என்பார்கள்.

எனக்கே அது நடந்தது. வந்த முதல் வருஷம், நண்பர் ஒருவர் கைமாற்றிக் கொடுத்த சிம் அது. யார் பெயரில் பதிந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. நம்பர் போனது, அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பும் என் பழைய மின்னஞ்சல் கணக்கும் அதோடு போனது. இதைப் படிக்கும்போது உங்கள் சிம் உங்கள் பெயரில் இல்லை என்றால், போன் நன்றாக இருக்கும் இப்போதே கடைக்குப் போய், பதிவில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் முனிசிபாலிட்டி பில்லோடு அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் என்று எதை முகவரிச் சான்றாக ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் இரண்டு நடை மிச்சம்.

யோசித்துப் பாருங்கள், கணக்கு வைத்துக்கொண்டு

கேட்பது திரைப் பூட்டுதான் என்று உறுதியானால், உடனே எண்களை அடித்துத் தள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டில் 5 முறை தவறினால் பொதுவாக 30 விநாடி காத்திருக்கச் சொல்லும், தவறத் தவற இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஐபோனில் ஒரு நிமிடத்தில் தொடங்கி மணிக்கணக்கில் போய், 10 தவறுகளுக்குப் பிறகு முயலவே விடாது. 10 முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்ற அமைப்பை ஐபோனில் யாராவது போட்டு வைத்திருந்தால் அழிந்தும் போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் போனை உயரத்தில் எடுத்து வையுங்கள். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது அவர்கள் ஆளுக்கு நாலு தடவை அடித்துப் பார்த்துவிடுவார்கள்.

ஒரு தாளில் எண் பலகையை வரையுங்கள். போனைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல் கட்டை விரலை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். மூளை மறந்ததைக் கை ஞாபகம் வைத்திருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பேட்டர்ன் பூட்டுக்கு இது இன்னும் நன்றாகப் பலிக்கும். பின் 4 இலக்கமா 6 இலக்கமா? யார் வைத்தது, எப்போது வைத்தது? போன் வாங்கிக் கொடுத்த பிள்ளை வைத்ததாக இருந்தால், அவருடைய பழக்கத்தில் இருக்கும் எண் எது? கேட்டு எழுதி வையுங்கள். எழுதிய பட்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டு, போட்டதை அடித்துக்கொண்டே வாருங்கள். போட்டதையே திரும்பப் போடும் வீண்வேலை அதில் குறையும். ஈரக் கை, விரிசல் விட்ட திரை, திரை மேல் ஒட்டிய பழைய ஸ்கிரீன் கார்டு இவற்றாலும் சரியான எண் தவறாகப் பதியலாம். துடைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்துங்கள்.

நேற்றோ முந்தாநாளோதான் பாஸ்கோடை மாற்றினீர்கள், புதியது மறந்துவிட்டது என்றால் ஐபோனில் ஒரு வழி இருக்கிறது. ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடு செல்லும். பாஸ்கோடு மறந்துவிட்டதா என்ற தெரிவை அழுத்தி, பழைய பாஸ்கோடை இடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். எதுவும் அழியாது.

இடையில் ஒரு அவசரம் வந்தால், பூட்டிய போனிலிருந்தே 112 அழைக்கலாம். அதற்குப் பின் நம்பர் தேவையில்லை.

அழிப்பதற்கு முன்

ஆயாவின் போனில் நான் செய்த தவறை இங்கே சொல்ல வேண்டும். நான்கைந்து எண்கள் போட்டுப் பார்த்து ஆகவில்லை என்றதும், பட்டன்களை அழுத்தி ரெகவரி திரைக்குப் போய் நேராக அழித்துவிட்டேன். போன் புதிது போல எழுந்தது. இந்தப் போனில் முன்பிருந்த கூகுள் கணக்கைப் போடு என்றது. அந்தக் கணக்கு எது என்று ஆயாவுக்குத் தெரியாது. பேரன் உருவாக்கிக் கொடுத்தது, அவன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போய்விட்டான். அவன் தன் பழைய செய்திகளைத் தோண்டி அந்த முகவரியைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாம் முடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஆயா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தன் தங்கையோடு பேசவில்லை. தினமும் பேசுகிறவர்கள் அவர்கள்.

ஆகவே முதலில் கணக்கு. ஆண்ட்ராய்டு 5.1 முதல் வரும் பாதுகாப்பு இது. திருடியவன் அழித்துவிட்டு விற்க முடியாதபடி, பழைய கணக்கைக் கேட்டு நிற்கும். ஐபோனிலும் இதே போல ஆக்டிவேஷன் லாக் உண்டு. மின்னஞ்சல் முகவரி தெரிகிறதா? பாஸ்வேர்டு தெரிகிறதா? வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அங்கேயே மறந்துவிட்டேன் என்பதை அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். ஆப்பிளுக்கு, ஐஃபர்காட் டாட் ஆப்பிள் டாட் காம். நீங்கள் வழக்கமாக நுழையும் கம்ப்யூட்டரில், வழக்கமாக இருக்கும் இடத்தில் செய்தால் கூகுள் உங்களை நம்புவது எளிது. முகவரியே தெரியாது என்றால், பதிந்த போன் நம்பரையும் பெயரையும் கொடுத்துத் தேட கூகுளில் வழி உண்டு. உங்களோடு மின்னஞ்சலில் பேசிய யாரையாவது கேட்பதும் நல்லது.

கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் 24 மணி நேரம் கழித்தே போனை அழியுங்கள். அவசரப்பட்டால் அந்தக் கணக்கைப் போன் சிறிது காலம் ஏற்காமல் போகலாம்.

இரண்டாவது, ஓடிபி. புது இடத்தில் நுழையும்போது உங்கள் போனில் ஆம் என்று அழுத்து என்று கூகுள் கேட்கும். அந்தப் போன்தானே பூட்டிக் கிடக்கிறது! பதற வேண்டாம், வேறு வழியை முயல் என்பதை அழுத்தி எஸ்எம்எஸ் வழியைத் தேர்ந்தெடுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண போனில் போட்டால் ஓடிபி அதில் வந்துவிடும். வேலை முடிந்ததும் சிம்மை மறுபடி பூட்டிய போனிலேயே போட்டுவிடுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

மூன்றாவது, மெமரி கார்டு. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கார்டு இருந்தால் போனை அணைத்துவிட்டு அதை வெளியே எடுத்து, கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். போனின் உள் சேமிப்போடு இணைக்காமல், குறியாக்கமும் செய்யாமல் வைத்திருந்தால் படங்கள் அப்படியே கிடைக்கும். ஆயாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. தைப்பூசத்தில் பேரன் காவடி எடுத்த படங்கள் எல்லாம் கார்டில் இருந்தன. வாட்ஸ்ஆப்பில் இருந்த குரல் செய்திகள்தான் போயின.

ஆண்ட்ராய்டு போனை அழிப்பது

முதல் வழி தொலைவிலிருந்து. இன்னொரு போனின் பிரவுசரில் ஆண்ட்ராய்டு டாட் காம், ஒரு ஸ்லாஷ், ஃபைண்ட் என்று அடித்துப் போங்கள். முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது, 2025 முதல் அதற்கு ஃபைண்ட் ஹப் என்று பெயர். உங்கள் கணக்கில் நுழைந்து, போனைத் தேர்ந்தெடுத்து, சாதனத்தை அழி என்பதை அழுத்துங்கள். பூட்டிய போன் ஆன் ஆகி இருக்க வேண்டும், அதில் இணையம் இருக்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆன போன் வைஃபையில் தானாகச் சேராமல் போகலாம், சிம்மின் டேட்டாதான் கைகொடுக்கும். சிம்மைத் திரும்பப் போடச் சொன்னது அதற்காகத்தான். பிரிபெய்டு நம்பரில் டேட்டா தீர்ந்திருந்தால், நண்பர் ஒருவர் தன் வங்கி ஆப்பிலிருந்து உங்கள் நம்பருக்கு டேட்டா வாங்கிப் போடலாம். பலருக்கு இந்த யோசனை தோன்றுவதே இல்லை.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் அழிப்பதற்கு முன் சாம்சங்கின் தேடல் தளத்திலும் தங்கள் சாம்சங் கணக்கில் நுழைந்து பாருங்கள். சில மாடல்களில், முன்பே அந்த அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், அழிக்காமலே தொலைவிலிருந்து பூட்டைத் திறக்க முடியும். எல்லாப் போனிலும் இருக்காது, ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

இணையம் கிடைக்காவிட்டால் பட்டன் வழி. போனை முழுதாக அணையுங்கள். பெரும்பாலான போன்களில் வால்யூம் அப் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ரெகவரி திரை வரும். புதிய சாம்சங்குகளில் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு அழுத்தினால்தான் வரும். கூகுளின் பிக்சல் போனில் வால்யூம் டவுனும் பவரும், வரும் திரையில் ரெகவரி மோட். அங்கே வால்யூம் பட்டன்களால் மேலும் கீழும் போய், வைப் டேட்டா ஃபேக்டரி ரீசெட் என்ற வரிக்கு வந்து, பவர் பட்டனால் தேர்ந்தெடுங்கள். உறுதியா என்று கேட்கும், ஆம். முடிந்ததும் ரீபூட். அழிப்பது பாதியில் இருக்கும்போது சார்ஜ் போய்விடக் கூடாது, பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஐபோன்

ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், பலமுறை தவறிய பிறகு திரையின் கீழே பாஸ்கோடு மறந்துவிட்டதா அல்லது ஐபோனை அழி என்ற தெரிவு வரும். இணையம் இருக்க வேண்டும். அதை அழுத்தி ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டால் போன் தானே அழிந்து புதிதாக எழும். கம்ப்யூட்டர் வேண்டாம், கடை வேண்டாம். ஐகிளவுட் டாட் காம், ஸ்லாஷ், ஃபைண்ட் என்ற பக்கத்திலிருந்தும் அழிக்கலாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் உங்கள் போனுக்கு வரும் சரிபார்ப்பு எண் தேவைப்படாது. போன் கையில் இல்லாதவர்களுக்காகத்தானே அந்தப் பக்கமே இருக்கிறது.

பழைய ஐஓஎஸ் என்றால் கம்ப்யூட்டர் வேண்டும். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐடியூன்ஸ். ஐபோன் 8 முதல் வந்தவற்றில், போனை அணைத்துவிட்டு, சைடு பட்டனைப் பிடித்தபடியே கேபிளைச் செருகுங்கள். கம்ப்யூட்டரும் கேபிளும் சேர்ந்த படம் வரும்வரை பட்டனை விடாதீர்கள். கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் பெரியது, இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் அந்தத் திரையை விட்டு வெளியேறிவிடும். கெட்டுப்போகவில்லை, இறங்கி முடிந்ததும் மறுபடி அதே போலச் செய்யுங்கள்.

ஆப்பிள் கணக்கே மீளவில்லை என்றால், வாங்கிய அசல் ரசீதோடு ஆப்பிளிடம் ஆக்டிவேஷன் லாக்கை நீக்கக் கேட்கலாம். ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்களின் சர்வீஸ் சென்டரிலும் ரசீது இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

ரிப்பேர் கடைக்குப் போகலாமா?

கிரே ஸ்ட்ரீட் என்று இன்னும் எல்லோரும் சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் பக்கமும், சாட்ஸ்வொர்த்தின் கடைவீதிகளிலும் போன் ரிப்பேர் கடைகள் நிறைய உண்டு. நல்ல கைவேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். திரை மாற்ற, பேட்டரி மாற்ற நானும் அவர்களிடம்தான் போகிறேன். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் மேலே சொன்ன ரீஸ்டோரை அங்கே செய்துகொள்வதிலும் தவறில்லை. ஆனால் போனைக் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "உள்ளே இருப்பது போகுமா, போகாதா?" போகும் என்று சொல்பவர் நேர்மையானவர். ஒன்றும் போகாது, பத்து நிமிடத்தில் திறந்து தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். கூகுள் பாஸ்வேர்டை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். கேட்கும் இடத்தில் நீங்களே அடித்துவிட்டு வாருங்கள். சிம்மைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொண்டே போனைக் கொடுங்கள். உங்கள் நம்பருக்கு வரும் ஓடிபி வேறு ஆள் கைக்குப் போனால் வங்கிக் கணக்கு வரைக்கும் போகலாம். இந்த நாட்டில் சிம் ஸ்வாப் மோசடி எவ்வளவு பேரை அழவைத்திருக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இணையத்தில் விளம்பரம் வரும் பூட்டுத் திறக்கும் மென்பொருள்களும் கடைசியில் செய்வது அதே அழிப்பைத்தான். காசு கொடுத்து, கூடவே வைரஸையும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

கைமாறிய போனைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள், பழைய கணக்கைக் கேட்டு நிற்கும் போனை வாங்கவே வாங்காதீர்கள். கணக்கை நீக்கி உங்கள் கண் முன்னே புதிதாக்கித் தரச் சொல்லுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) ரசீதில் எழுதி வாங்குங்கள். திருடப்பட்டது என்று புகார் ஆகியிருந்தால் அந்த எண்ணைத் தடை செய்துவிடுவார்கள், போன் இங்கே எந்த நெட்வொர்க்கிலும் எடுக்காது.

அழித்த பிறகு

அதே கணக்கில் நுழைந்தால் தொடர்பு எண்களும், கூகுள் போட்டோஸில் ஏறியிருந்த படங்களும் வந்துவிடும். ஆண்ட்ராய்டு பேக்கப்பை மீட்கும்போது பழைய போனின் பின்னைக் கேட்கலாம், அந்தப் பேக்கப்பும் அதைக் கொண்டே பூட்டப்பட்டிருப்பதால். மறந்ததுதானே பிரச்சினை, அதைத் தாண்டிப் போங்கள். ஆப்களின் உள் விவரங்கள், எஸ்எம்எஸ், அழைப்புப் பதிவு போன்றவைதான் போகும், கணக்கில் ஏறியிருந்த படங்களும் தொடர்பு எண்களும் அதில் சேராது.

வாட்ஸ்ஆப்பில் அதே நம்பரைப் போட்டால் பேக்கப்பை மீட்கவா என்று கேட்கும். அந்த ஒரு தடவைதான் கேட்கும், தவிர்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு வைத்த 6 இலக்க எண் மறந்து, மின்னஞ்சலும் பதியவில்லை என்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும். வங்கி ஆப்கள் இதைப் புதுப் போனாகவே பார்க்கும், திரும்ப இணைக்கச் சில வங்கிகளில் அடையாள அட்டையோடு கிளைக்கே போக நேரலாம். மாதக் கடைசியில் வரிசை நீளம், வேறு நாள் பார்த்துப் போங்கள்.

இனிப் புதிய பின். பிறந்த தேதி வேண்டாம், ஆனால் உங்களுக்கு மறக்காத ஒன்றாக இருக்கட்டும். அதையும், கணக்கின் முகவரியையும், ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் தரும் 10 மாற்று எண்களையும் ஒரே தாளில் எழுதி, பாஸ்போர்ட்டும் விசாக் காகிதங்களும் இருக்கும் கோப்பில் வையுங்கள். பின்னை எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் பூட்டி வைத்த தாளால் வரும் ஆபத்தைவிட, மறதியால் வரும் இழப்புதான் நம் வீடுகளில் அதிகம் என்பது என் அனுபவம். மீட்பு நம்பராக அதே போனில் இருக்கும் சிம்மை மட்டும் கொடுக்காமல், மனைவி, கணவர், அண்ணன் என்று நம்பிக்கையான ஒருவரின் நம்பரையும் சேருங்கள். ஐபோனில் மீட்புத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்கவே வசதி இருக்கிறது.

பெரியவர்களுக்குப் போன் அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகளே, கணக்கு, பின் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். ஆயாவின் தாள் இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

புதிய பின் வைத்த அன்றே, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை போனை முழுதாக அணைத்து ஆன் செய்து, தாளைப் பார்க்காமல் பின்னைப் போட்டுத் திறந்து பாருங்கள். அப்புறம் வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதையே செய்யுங்கள். ஆயா வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது செய்கிறார்.